தடிப்பாக அடித்த இடத்திலேயே பூச்சு வெடிப்பது ஏன்?

#1 தொட்டிக்காரன்

வணக்கம். ஒரு பெரிய இரும்பு நீர்த்தொட்டியின் பராமரிப்பு என் பொறுப்பு. உள்பக்கம் இரண்டு கலவை எபாக்சி, மூன்று கோட். சிவப்பு பிரைமர், அதன் மேல் சாம்பல், கடைசியில் வெள்ளை. மொத்தம் 300 மைக்ரான் கேட்டிருந்தோம். சமதளத் தகடுகளில் பூச்சு இன்றும் குறையில்லாமல் இருக்கிறது. கூரைத் தகடும் அதைத் தாங்கும் ஆங்கிளும் சேர்கிற மூலைகளில் மட்டும், வெல்டிங் ஓரத்தை ஒட்டி, மயிரிழை விரிசல் நீளமாக ஓடுகிறது. சில இடங்களில் விரிசலிலிருந்து பழுப்பு நீர் வழிந்து காய்ந்த கோடு தெரிகிறது.

அந்த மூலைகளில் மீட்டர் வைத்தால் 800, 900 மைக்ரான் காட்டுகிறது. கேட்டதைவிட மூன்று மடங்கு பெயின்ட் இருக்கிற இடம்தான் முதலில் வெடித்திருக்கிறது. அடித்துக் கொடுத்தவர்கள் "பிடிப்புச் சோதனை எல்லாம் தேறிவிட்டது, அளவும் கூடுதல்தான், பெயின்ட் தயாரிப்பில்தான் கோளாறு" என்கிறார்கள். சமதளத்தில் இருப்பதும் அதே டப்பாவிலிருந்து வந்த பெயின்ட்தானே?

என் கேள்விகள் இரண்டு. தடிப்பான இடம் ஏன் முதலில் வெடிக்கிறது? விரிசலின் மேல் இன்னொரு கோட் போட்டு மூடினால் போதுமா?

#2 துருநோக்கி

இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: மேலே கோட் போடாதீர்கள். இந்த உரையாடல் முடிகிற வரையாவது பொறுங்கள்.

உங்கள் ஊகம் சரி, பெயின்டைக் குறை சொல்ல முகாந்திரமே இல்லை. கப்பல் நிலையாக மிதக்க நீர் நிரப்பும் பேலஸ்ட் தொட்டிகளில் இதே நோய், இதே இடத்தில், நெடுங்காலமாக வருகிறது. மூலை வெல்டிங்கின் குழிவில் பெயின்ட் தேங்கும், தடிக்கும், சில ஆண்டுகளில் வெல்டிங் ஓரமாக வெடிக்கும். மேல்தளம் பகலில் வெயிலில் காய்ந்து இரவில் குளிரும் இடங்களில் இன்னும் சீக்கிரம். உங்கள் கூரைத் தகடும் அப்படித்தானே?

இன்னொன்று. மூலைக் குழிவில் காந்த மீட்டர் சொல்லும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அதன் முனை சமதளத்தில் உட்காரும்படி செய்யப்பட்டது. வெட்டிப் பார்க்கும் கருவி கிடைத்தால் ஓரிடத்தில் சாய்வான வெட்டுப் போட்டு உருப்பெருக்கியில் பாருங்கள். மூன்று நிறமும் மூன்று பட்டையாகத் தெரியும். விரிசல் எந்தப் பட்டை வரை இறங்கியிருக்கிறது, எங்கே திரும்பியிருக்கிறது என்று எழுதுங்கள். அதை வைத்துத்தான் மேலே பேச முடியும்.

#3 தூரிகை

சார், நான் பெயின்டிங் வேலை செய்றவன். ஒரு விஷயம் ஒத்துக்க முடியலை. மெலிசா அடிச்ச இடம்தான் முதல்ல துரு ஏறும். ஓரம், முனை, போல்ட் தலை, வெல்டிங் மேடு, எல்லாத்துலயும் பெயின்ட் இழுத்துக்கிட்டு மெலிஞ்சு போகும். அதனாலதான் அந்த இடத்துக்கெல்லாம் தனியா பிரஷ் எடுத்து ஸ்ட்ரைப் கோட் போடச் சொல்றாங்க. அதாவது கூட அடிக்கச் சொல்றாங்க. இப்ப நீங்க கூட அடிச்சதாலதான் வெடிச்சுதுன்னு சொன்னா வேலைக்காரன் எதைக் கேக்கறது?

உள்ள மாட்டின தின்னர் வெளிய வராம இருந்திருக்கும். அதுதான் காரணமா இருக்கும்னு எனக்குத் தோணுது. தடிப்பைக் குத்தம் சொல்லாதீங்க.

#4 முறிவியல்

தூரிகை அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. தின்னர் பற்றி அவர் சொன்னதும் பாதிக் காரணம். மீதிப் பாதியை நான் எழுதுகிறேன். பொருள்கள் எப்படி உடைகின்றன என்பதைப் பாடமாக நடத்துகிறவள் நான். கொஞ்சம் நீளும்.

ஒரு பூச்சு காயும்போது சுருங்கப் பார்க்கிறது. தின்னர் போகிறது, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து நெருங்குகின்றன. ஆனால் அடியில் இருக்கும் இரும்பு சுருங்க விடாது. ஆக, காய்ந்த பூச்சு எப்போதும் இழுத்துப் பிடிக்கப்பட்ட நிலையிலேயே வாழ்கிறது. வெளியிலிருந்து யாரும் இழுக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் வெப்பம். இரும்பு ஒரு பாகைக்கு பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். எபாக்சி ஐம்பது, அறுபது பங்கு. குளிர்கிறபோது எபாக்சி நாலைந்து மடங்கு அதிகமாகச் சுருங்க நினைக்கும், இரும்பு தடுக்கும், இழுவிசை கூடும்.

இந்த இழுவிசைத் தகைவு, அதாவது குறுக்குவெட்டில் ஒவ்வொரு அலகுப் பரப்பிலும் விழும் இழுப்பு, தடிப்பைப் பொறுத்தது அல்ல. 300 மைக்ரானிலும் 900 மைக்ரானிலும் ஏறக்குறைய ஒரே தகைவுதான். அப்படியானால் தடிப்பானது ஏன் வெடிக்கிறது? இதற்கு வழி காட்டியவர் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1921-இல் வெளியான ஆய்வில், கண்ணாடியை வைத்து, விரிசல் வளர்வதற்கு ஒரு வரவு செலவுக் கணக்கு எழுதினார். விரிசல் நகரும்போது பொருளில் சேமிப்பாக இருக்கும் மீள்விசை ஆற்றல் விடுபடும், அது வரவு. புதிய பரப்புகளைத் திறக்க ஆற்றல் வேண்டும், அது செலவு. வரவு செலவைத் தொட்டால் விரிசல் ஓடும்.

பூச்சுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒரு சதுர அங்குலப் பரப்பின் கீழ் சேமிப்பாக இருக்கும் ஆற்றல், தகைவின் வர்க்கத்தையும் தடிப்பையும் பெருக்கி, விறைப்பால் வகுத்தால் வருவதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். தடிப்பு மூன்று மடங்கானால் விரிசலைத் தள்ளும் ஆற்றலும் மூன்று மடங்கு. தகைவு இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு.

எண்ணில் பார்ப்போம். எபாக்சியின் விறைப்பை அளக்கும் யங் குணகம் 3 கிகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 பாகை குளிர்ந்தால் தடைபட்ட சுருக்கம் சுமார் 0.18 சதவீதம், தகைவு 8 மெகாபாஸ்கல் அளவில் வரும். 300 மைக்ரான் பூச்சில் ஓடும் விரிசலுக்குக் கிடைக்கும் ஆற்றல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 12 ஜூல். காயும்போது ஏற்பட்ட சுருக்கத்தின் தகைவும் இதே அளவு சேர்ந்தது என்றால் நான்கு மடங்கு, அதாவது 48. இப்போது தடிப்பை 900 ஆக்குங்கள்: 144. ரப்பர் போன்ற எதுவும் சேர்க்காத சாதாரண எபாக்சி தாங்கும் அளவு நூறிலிருந்து சில நூறு ஜூல் வரைதான். சமதளம் ஏன் தப்பித்தது, மூலை ஏன் மாட்டியது என்பது இந்தக் கணக்கிலேயே வந்துவிடுகிறது. மூலையின் குழிந்த வடிவம் தகைவை வெல்டிங் ஓரத்தில் குவிக்கிறது என்பதை இன்னும் நான் சேர்க்கவே இல்லை.

இதில் அச்சுறுத்தும் பகுதி ஒன்று உண்டு. விரிசலின் நீளம் பூச்சின் தடிப்பைப்போல் சில மடங்கை எட்டிய பிறகு, அதைத் தள்ளும் ஆற்றல் நீளத்தைப் பொறுத்து மாறுவதில்லை. ஒரு மில்லிமீட்டர் ஓட முடிந்த விரிசல் ஒரு மீட்டரும் ஓடும். தடிப்பு குறைகிற இடம் வந்தால்தான் நிற்கும். உங்கள் விரிசல் வெல்டிங்கை விட்டு விலகாமல் அதன் ஓரமாகவே நீளமாகப் போவதற்குக் காரணம் அதுதான்.

#5 தூரிகை

மேடம், புரியற மாதிரி சொன்னீங்க. ஒரு சந்தேகம். அப்ப அடிச்ச அன்னிக்கே வெடிச்சிருக்கணுமே? வேலை முடிஞ்சு ஒப்படைக்கும்போது ஒரு கீறல் கிடையாது. பிறகுதானே வந்திருக்கு.

#6 முறிவியல்

அண்ணே, அன்றைக்கு வரவு செலவைத் தொடவில்லை. பிறகு இரண்டு பக்கமும் நகர்ந்தன. எபாக்சியின் பிணைப்பு அடித்த வாரத்தோடு நின்றுவிடுவதில்லை. வெயிலில் சூடாகும் தகட்டில் மெல்ல மெல்லத் தொடர்கிறது. சிக்கியிருந்த தின்னர், நீங்கள் சொன்ன அதே தின்னர், மாதக்கணக்கில் வெளியேறுகிறது. மென்மை தருவதற்காகச் சேர்த்த பொருள்களைத் தண்ணீர் கரைத்து எடுத்துப் போகிறது. பூச்சு இறுகுகிறது, சுருங்குகிறது, தகைவு கூடுகிறது. அதேநேரம் தாங்கும் திறன் குறைகிறது. தடிப்பான பூச்சில் தின்னர் அதிகம் மாட்டும், ஆகவே பிற்காலச் சுருக்கமும் அங்கே அதிகம். உங்கள் காரணமும் என் காரணமும் ஒரே மூலையில் சந்திக்கின்றன.

இதோடு பகல் இரவு ஏற்ற இறக்கம். ஒரே தடவையில் ஓட முடியாத விரிசல்கூட, திரும்பத் திரும்ப இழுபட்டால் சிறிது சிறிதாக முன்னேறும். உலோகக் களைப்பு என்று சொல்கிறோமே, பூச்சுக்கும் அது உண்டு.

#7 துருநோக்கி

பிடிப்புச் சோதனை தேறியது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை வைத்துத்தான் பல இடங்களில் வாதம் நடக்கிறது. ஐஎஸ்ஓ 4624 இழுப்புச் சோதனையில் ஒரு சிறு உலோக உருளையைப் பூச்சின் மேல் ஒட்டி, நேர்குத்தாக இழுக்கிறோம். பூச்சு தகட்டை எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்பதை அது சொல்லும். பூச்சு தனக்குள்ளே எவ்வளவு இழுபட்டு நிற்கிறது, எவ்வளவு நொறுங்கும் தன்மை வந்துவிட்டது என்பதைச் சொல்லாது. மேலும் அந்த உருளை உட்கார சமதளம் வேண்டும். ஆகவே சோதனை எப்போதும் தகட்டின் நடுவில்தான் நடக்கிறது. வெடிக்கப்போகிற இடத்தில் யாரும் இழுத்துப் பார்ப்பதே இல்லை. தேறிய சான்றிதழும் வெடித்த மூலையும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

#8 மரவேலை

இரும்பு எனக்குத் தெரியாது. பழைய மரக் கதவு, சன்னல்களைச் சீர் செய்கிறவன். முறிவியல் மேடம் சொன்ன கணக்கை மரத்தில் கண்ணால் பார்க்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

மரத்தின் மேல் பெயின்ட் இரண்டு விதமாக வெடிக்கும். ஒன்று, இழை ஓடும் திசையிலேயே. மரம் ஈரம் குடித்தும் காய்ந்தும் அகலவாக்கில் விரிந்து சுருங்கும். பெயின்ட் அதனுடன் போக முடியாமல் இழைக்கு இணையாகக் கிழியும். இது மரத்தின் அசைவால் வருவது. இரண்டாவது, இழைக்குக் குறுக்காக. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பல தலைமுறை எண்ணெய் பெயின்ட் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தடித்துப்போன கதவுகளில் குறுக்கு வெடிப்பு வரும்.

குறுக்காக ஏன்? அகலவாக்கில் மரமே கொஞ்சம் சுருங்குகிறது. பெயின்டும் கூடச் சுருங்கிக்கொள்ளலாம். நீளவாக்கில் மரம் அசையவே அசையாது. அங்கே பெயின்டின் சுருக்கத்துக்கு முழுத் தடை. ஆகவே நீளவாக்கில் இழுவிசை ஏறி, அதற்குச் செங்குத்தாக, இழைக்குக் குறுக்கே கிழிகிறது. மெல்லிய பூச்சு அந்த இழுவிசையைத் தாங்கிக்கொள்ளும், தடித்தது தாங்காது. ஒரு கதவில் குறுக்கு வெடிப்பைக் கண்டால் நான் உப்புத்தாளைத் தொடுவதே இல்லை. முழுப் பூச்சையும் மரம் தெரிகிற வரை எடுப்பேன். மேலே இன்னொரு கோட் ஏற்றினால் அந்தப் புதுக் கோட்டும் தன் சுருக்கத்தைக் கீழே இருக்கிற நொறுங்கலின் மேல் சுமத்தும், அடியோடு பெயர்த்துக்கொண்டு வரும்.

#9 சுவர்ப்பூச்சு

மரவேலை அண்ணா, அப்ப முதலைத்தோல் மாதிரி கட்டம் கட்டமா வெடிக்கறது எந்த வகை? எனக்கு அது கதவுல நிறைய வருது. உள்ள மரம் தெரியறதில்லை, பழைய பெயின்ட்தான் தெரியுது.

#10 மரவேலை

அது அடிக்கோட்டும் மேல்கோட்டும் ஒத்துப்போகாத கதை. கீழே இருப்பது இன்னும் முழுதாகக் காயவில்லை, அல்லது இயல்பிலேயே மென்மை. அதன் மேல் சீக்கிரம் இறுகும் பெயின்டை அடித்துவிட்டார்கள். மேல்தோல் சுருங்கும்போது கீழே இருப்பது பிடித்து நிறுத்தாமல் கூடவே வழுக்கிப் போகும். தோல் தீவு தீவாகப் பிரிந்து நடுவில் அகலமான இடைவெளி விழும். இடைவெளியின் விளிம்புகளைத் தடவிப் பாருங்கள், மழுங்கி உருண்டிருக்கும். நன்றாகக் காய்ந்து முதிர்ந்த பூச்சு வெடித்தால் விளிம்பு கூராக, நேராக இருக்கும். எண்ணெய் ஓவியம் வரைகிறவர்கள் எண்ணெய் குறைந்த கலவைமேல் எண்ணெய் கூடியதை ஏற்று, மாற்றி ஏற்றாதே என்று சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான்.

#11 முறிவியல்

மரவேலை ஐயாவின் பதிவை என் மாணவர்களுக்குக் காட்டப்போகிறேன். விரிசலைப் படிக்க இன்னும் ஒரு குறிப்பு சேர்க்கிறேன்.

கட்டம் கட்டமான விரிசல்களில் இரண்டு கோடுகள் சந்திக்கும் இடங்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று நேராகப் போகும், மற்றொன்று அதில் வந்து செங்குத்தாக முட்டி நிற்கும். நேராகப் போவது மூத்தது, முட்டி நிற்பது இளையது. முதல் விரிசல் திறந்தவுடன் அதற்குக் குறுக்கே இருந்த இழுவிசை அந்த ஓரங்களில் தளர்ந்துவிடும். மிச்சம் இருப்பது அதற்கு இணையான இழுவிசை மட்டும். பிறகு வரும் விரிசல் அதைத் தளர்த்த செங்குத்தாகத் திரும்பி வந்து சேரும். கட்டங்களின் அளவு பூச்சின் தடிப்போடு கூடும். ஒரே சுவரில் ஓரிடத்தில் கட்டம் பெரிதாகவும் இன்னோரிடத்தில் சிறிதாகவும் இருந்தால், பெரிய கட்டம் இருக்கும் இடத்தில் பூச்சு தடிப்பு என்று சந்தேகப்படலாம்.

சிலிக்கேட் வகை துத்தநாக பிரைமரில் இது அப்பட்டமாகத் தெரியும். 75 மைக்ரான் அளவில் அருமையாக இருக்கும் பூச்சு, 125, 150-ஐத் தாண்டினால் காய்ந்த குளத்துச் சேறுபோல் பிளக்கும். அதே டப்பா, அதே நாள்.

#12 சுவர்ப்பூச்சு

தலைப்போட ஒட்டிய ஒரு கேள்வி. சாந்துச் சுவர்ல மயிரிழை விரிசல். 300 சதவீதம் நீளும்னு போட்டிருந்த ரப்பர் மாதிரி பூச்சு ஒண்ணு வாங்கி அடிச்சோம். அடுத்த குளிர்காலத்துல விரிசல் அதே கோட்டுல மேல வந்துருச்சு. விரிசல் கால் மில்லிமீட்டர் கூட இல்லை. 300 சதவீதம் நீளறது கால் மில்லிமீட்டருக்கு ஏன் தாங்கலை?

#13 முறிவியல்

இந்தக் கேள்வியைப் பூச்சு வாங்குகிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

300 சதவீதம் என்பது தனியாக உரித்தெடுத்த ஒரு பட்டையைப் பல சென்டிமீட்டர் நீளத்துக்கு இழுத்து எடுத்த எண். அங்கே நீட்சியைப் பங்கிட்டுக்கொள்ள முழுப் பட்டையும் இருக்கிறது. சுவரில் பூச்சு எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கிறது. அடியில் விரிசல் பூஜ்யத்திலிருந்து 0.2 மில்லிமீட்டர் திறக்கும்போது, அந்தத் திறப்பின் நேர் மேலே இருக்கும் பூச்சு மட்டும்தான் நீள வேண்டும். பக்கத்தில் இருப்பது சுவரோடு ஒட்டிக்கொண்டு உதவிக்கு வராது. தோராயமாகச் சொன்னால் பூச்சின் தடிப்பு எவ்வளவோ, அந்த நீளத்துக்குள் நீட்சி முழுதும் அடங்கியாக வேண்டும். பூச்சு 0.1 மில்லிமீட்டர் என்றால் 0.2 திறப்பு 200 சதவீதம். அடிமட்டத்தில் இன்னும் மோசம். அதோடு குளிரில் பூச்சு விறைக்கும், நீளும் திறன் சரியும். சுவர் விரிசல் அகலமாகத் திறப்பதும் அதே குளிரில்தான்.

இங்கே தூரிகை அண்ணனுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். இந்த வகைப் பூச்சுக்குத் தடிப்பு நண்பன். 0.6 மில்லிமீட்டர் தடிப்பாக இருந்தால் அதே திறப்பு 30 சதவீதத்துக்கு அருகில் வந்துவிடும். மென்மையான, தனக்குள் இழுவிசை சேர்க்காத பூச்சு அடியில் அசையும் விரிசலைப் பாலம் போட்டுக் கடக்க வேண்டுமானால் தடிப்பு வேண்டும். விறைப்பான, சுருங்கி இழுபட்டு நிற்கும் பூச்சுக்குத் தடிப்பு எதிரி. இரண்டையும் ஒரே விதியால் அளக்கக் கூடாது.

இன்னொரு வழி, விரிசலின் இரு பக்கமும் சில மில்லிமீட்டர் அகலத்துக்குப் பூச்சு ஒட்டாமல் விடுவது. ஒட்டாத நாடா ஒன்றை விரிசலின் மேல் வைத்து அதன் மேல் பூச்சு அடிப்பார்கள். 10 மில்லிமீட்டர் அகலம் சுதந்திரமாக இருந்தால் 0.2 திறப்பு வெறும் 2 சதவீதம். பிடிப்பு குறைவாக இருப்பதே காப்பாற்றும் இடமும் உண்டு.

வாங்கும்போது நீட்சி எண்ணை விட்டுவிட்டு, விரிசல் கடக்கும் வகுப்பைக் கேளுங்கள். ஐரோப்பியத் தரம் ஈஎன் 1062-7 இதை 0.1 மில்லிமீட்டருக்கு மேல் என்பதில் தொடங்கி 2.5 மில்லிமீட்டருக்கு மேல் என்பது வரை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. எந்த வெப்பநிலையில் சோதித்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

#14 தொட்டிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. வெட்டிப் பார்த்துவிட்டேன். கூரை மூலையில் மூன்று இடத்தில் சாய்வு வெட்டுப் போட்டு, பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தது:

முதல் இடம். வெள்ளைப் பட்டை மட்டும் சமதளத்தில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு அகலம். விரிசல் வெள்ளையின் மேல் பரப்பில் திறந்து, சாம்பலின் நடுவில் கூர்ந்து முடிகிறது. சிவப்பைத் தொடவில்லை. துரு இல்லை.

இரண்டாம் இடம். விரிசல் வெள்ளை, சாம்பல் இரண்டையும் கடந்து சிவப்பின் மேல்தட்டை அடைந்ததும் சட்டென்று மடங்கி, இரண்டு பக்கமும் படுக்கையாகப் போகிறது. கத்தி முனையை அங்கே கொடுத்தால் சாம்பலும் வெள்ளையும் சேர்ந்து செதிலாக எழும்புகின்றன. அடியில் சிவப்பு மழமழவென்று, துளி பாதிப்பில்லாமல்.

மூன்றாம் இடம், பழுப்புக் கோடு இருந்த இடம். நேராக இரும்பு வரை. பூச்சின் அடியில் விரிசலின் இரு பக்கமும் கருப்பும் பழுப்புமாகத் துரு ஒரு விரற்கடை பரவியிருக்கிறது. அதற்கும் வெளியே, துரு இல்லாத பளிச்சென்ற இரும்பின் மேலும், பூச்சு பிடிப்பில்லாமல் உரிந்து வருகிறது. இதுதான் புரியவில்லை. துருவே இல்லாத இடத்தில் பிடிப்பு ஏன் போனது?

#15 துருநோக்கி

இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியதற்கு நன்றி. மூன்றும் மூன்று விதமான நிலை.

மூன்றாவதிலிருந்து வருகிறேன். விரிசல் வழியாகத் தண்ணீரும் உப்பும் இரும்பை அடைந்ததும் அங்கே ஒரு மின்கலம் உருவாகிறது. விரிசலின் அடியில் இரும்பு கரைகிறது, அது நேர்மின்முனை. அது விட்ட எலக்ட்ரான்கள் இரும்பின் வழியே பக்கவாட்டில் போய், பூச்சின் அடியில் ஊடுருவி வந்த ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் சேர்ந்து ஹைட்ராக்சைடு ஆகின்றன, அது எதிர்மின்முனை. அங்கே இரும்பு கரையாது. ஆகவே பளிச்சென்று இருக்கும். ஆனால் அந்த மெல்லிய நீர்ப்படலத்தில் காரத்தன்மை பிஎச் 12-க்கு மேல் ஏறிவிடும். அந்தக் காரம்தான் பூச்சுக்கும் இரும்புக்கும் இடையிலான பிணைப்பை அறுக்கிறது. நீங்கள் பார்த்த துருவில்லாத உரிதல் அதுதான். துரு தெரிகிற எல்லை ஒன்று, பூச்சு செத்த எல்லை அதைவிடப் பெரியது. துரு தெரிகிற அளவோடு சுரண்டி நிறுத்துகிறவர்கள் செத்த ஓரத்தின் மேல்தான் புதுப் பெயின்டை ஒட்டவைக்கிறார்கள்.

நேர்மின்முனைப் பக்கம் இன்னொரு சேதம். துரு, அது தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அடியிலிருந்து பூச்சைத் தூக்கும். தூக்கினால் விரிசல் இன்னும் திறக்கும், இன்னும் தண்ணீர்.

#16 முறிவியல்

இரண்டாம் இடத்து மடக்கத்துக்கு நான் பதில் சொல்கிறேன். கீழே இறங்கும் விரிசல் ஒரு இடைமுகத்தை, அதாவது இரண்டு அடுக்குகள் ஒட்டும் தளத்தை, அடையும்போது நேரே போவதா, படுக்கையாகத் திரும்புவதா என்பதை அந்த இடைமுகத்தின் உறுதி முடிவு செய்கிறது. இரண்டு பொருளும் விறைப்பில் ஒத்தவை என்றால், இடைமுகத்தின் முறிவு ஆற்றல் அடுத்த அடுக்கின் முறிவு ஆற்றலில் சுமார் கால் பங்குக்குக் கீழே இருந்தால் விரிசல் திரும்பும். உங்களுடையது திரும்பியிருக்கிறது. சிவப்புக்கும் சாம்பலுக்கும் இடையில் பிடிப்பு மிகக் குறைவு என்று பொருள்.

பிரைமர் அடித்து எவ்வளவு காலம் கழித்துச் சாம்பல் கோட் போட்டார்கள் என்று பதிவேட்டில் பாருங்கள். எபாக்சிக்கு மறுகோட் இடைவெளிக்கு மேல் எல்லை ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் முழுதும் இறுகிப்போன பிரைமரில் அடுத்த கோட் வேதியியல் முறையில் பிணையாது. தேய்த்துச் சொரசொரப்பாக்கித்தான் அடிக்க வேண்டும். நீங்கள் சொன்ன 'மழமழ'தான் எனக்குச் சந்தேகம் தருகிறது.

#17 தொட்டிக்காரன்

மேடம், பார்த்தேன். கூரைப் பகுதியில் பிரைமருக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் வேலை நின்றிருக்கிறது. தயாரிப்பாளர் தாளில் உள்ள உச்ச இடைவெளியைத் தாண்டித்தான் தொடர்ந்திருக்கிறார்கள். தேய்த்ததாகக் குறிப்பு இல்லை. பக்கச் சுவர்களில் அந்தத் தாமதம் இல்லை, அங்கே படுக்கை விரிசலும் இல்லை.

#18 சுவர்ப்பூச்சு

விரிசல் விழுந்தாலே பூச்சு தோத்துப்போச்சுன்னு எடுத்துக்கலாமா?

#19 துருநோக்கி

எடுத்துக்கொள்ள வேண்டாம். நிக்கல் மேல் குரோம் முலாமில் வேண்டுமென்றே நுண்விரிசல் உண்டாக்குவார்கள், ஒரு சென்டிமீட்டர் கோட்டில் 250-க்கும் மேல். ஒரே ஒரு துளை இருந்தால் அரிப்பு மின்னோட்டம் முழுதும் அங்கே குவிந்து நிக்கலைத் துளைத்துவிடும். ஆயிரக்கணக்கான விரிசல் இருந்தால் மின்னோட்டம் பரந்து வலுவிழக்கும். ஜெட் எஞ்சின் தகடுகளின் வெப்பக் காப்புப் பூச்சிலும் செங்குத்துப் பிளவுகளை விட்டுவைப்பது உண்டு. விரிவதற்கு இடம் கிடைக்கும். ஆனால் அவை எல்லாம் கணக்குப் போட்டு விட்டவை. தண்ணீரைத் தடுப்பதற்கென்றே இருக்கும் தொட்டிப் பூச்சுக்கு அந்தச் சலுகை கிடையாது.

#20 தூரிகை

சரி, இப்ப சீர் செய்யற வழிக்கு வாங்க. முதல் வகை விரிசல், இரும்பைத் தொடாதது, அதையாச்சும் தேய்ச்சுட்டு மேல ஒரு கோட் போட்டுக்கலாமா? எல்லாத்தையும் மணல் வீசி பிளாஸ்டிங் பண்ணணும்னா செலவும் நாளும் தாங்காது.

#21 துருநோக்கி

முதல் வகைக்கு முழுப் பிளாஸ்டிங் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விரிசலின் அடி தெரிகிற வரை தேய்த்து எடுத்தாக வேண்டும். விரிசல் முனையை உள்ளே விட்டு மேலே மூடினால் அந்த முனை அப்படியே உயிரோடு இருக்கும். நீங்கள் ஏற்றிய கோட் தடிப்பைக் கூட்டி அதற்கு இன்னும் ஆற்றல் கொடுக்கும். தேய்த்து எடுப்பதில் இரண்டு பலன்: முனையும் போகிறது, தடிப்பும் குறைகிறது. மீதமுள்ளது 400 மைக்ரானுக்குள் வந்து விரிசலும் மறைந்தால், ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து மெல்லிய ஒரு கோட் போதும்.

இரண்டாம் வகைக்குப் பிடிப்பில்லாத சாம்பல், வெள்ளை முழுதும் வர வேண்டும். கத்தி முனைக்கு எழும்பாத இடம் வரை போங்கள். சிவப்பை நன்றாகச் சொரசொரப்பாக்கிவிட்டுத்தான் அடுத்த கோட். கூரைப் பகுதி முழுதுமே இப்படி இருக்கலாம் என்பதால் விரிசல் இல்லாத இடத்திலும் சில வெட்டுகள் போட்டுப் பாருங்கள்.

மூன்றாம் வகைக்கு வெறும் இரும்பு வரை பிளாஸ்டிங், துரு எல்லையைத் தாண்டி பூச்சு இறுகப் பிடித்திருக்கும் இடம் வரை. பிறகு கழுவி, கரையும் உப்பு மிச்சம் இருக்கிறதா என்று சோதித்துவிட்டு பிரைமர். உப்பை உள்ளே வைத்து மூடினால் அது தண்ணீரை இழுத்துக் கொப்புளம் எழுப்பும்.

முடிந்த பிறகு துளைச் சோதனை செய்யும்போது ஒரு கவனம். ஈரப் பஞ்சு வைத்துச் செய்யும் குறைமின்னழுத்தச் சோதனை 500 மைக்ரான் வரைதான் நம்பகம். மூலையில் அதற்கு மேல் இருந்தால் விரிசலே இருந்தாலும் மணி அடிக்காமல் போகலாம். உயர்மின்னழுத்தப் பொறிச் சோதனை வேண்டும், அதிலும் அழுத்தத்தைத் தடிப்புக்கு ஏற்ப வைக்காவிட்டால் நல்ல பூச்சையே ஓட்டை போட்டுவிடும்.

#22 தொட்டிக்காரன்

தெளிவாகிவிட்டது சார். புதிதாக எழுதும் வேலைக் குறிப்பில் குறைந்தபட்சத் தடிப்போடு அதிகபட்சத்தையும் போடப்போகிறேன், மூலைகளுக்குத் தனியாக. மறுகோட் இடைவெளியையும் பகுதி வாரியாகப் பதியச் சொல்வேன். ஆனால் மூலையில் பெயின்ட் தேங்காமல் அடிப்பது எப்படி? ஈரத் தடிப்பைப் பார்க்கும் சீப்பு அந்தக் குழிவில் உட்காரவே மாட்டேன் என்கிறதே.

#23 தூரிகை

அது உட்காராது. அதைக் கையாலதான் பாக்கணும். நான் செய்யறதைச் சொல்றேன். ஸ்ப்ரே ஆளை மூலைக்கு நேரா நிக்க விடாதீங்க. ரெண்டு பக்கத் தகட்டுக்கும் தனித்தனியா வீசினா மூலையில ரெண்டு வீச்சும் சேர்ந்து தேங்கும், அதுதான் உங்க நாலு மடங்கு வெள்ளை. முதல்ல பிரஷ்ல ஸ்ட்ரைப் கோட், உருண்டை பிரஷ், குழிக்குள்ள நல்லா அழுத்தித் தேய்ச்சு. அப்புறம் ஸ்ப்ரே ஒரு பக்கம் முடிச்சு, மறுபக்கம் வரும்போது மூலைக்கு ஒரு சாண் முன்னாடியே விசையை விட்டுடணும். பின்னாலயே ஒரு ஆள் காஞ்ச பிரஷோட வரணும். குழியில பெயின்ட் பளபளன்னு தேங்கி நிக்கறது வெளிச்சத்தைச் சாய்ச்சுப் பிடிச்சா தெரியும். அது இறுகறதுக்குள்ள அந்தக் காஞ்ச பிரஷால இழுத்து ரெண்டு பக்கமும் பரத்திடணும். டார்ச் இல்லாம அந்த ஆளைத் தொட்டிக்குள்ள அனுப்பாதீங்க.